படத்தில் காணலாம் அண்ணன்

தொண்ணூறுகளில் இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கும் நோட்டன் பிரிட்ஜுக்கும் இடையே அவர் இல்லாமல் எதுவுமே நடக்கவில்லை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்துப் பத்திரிகைகளை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். மண் சரிந்தால் சரிந்த மண்ணுக்குப் பக்கத்தில் அவர் நிற்பார். சனசமூக நிலையம் திறந்தால் ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நிற்பார். தேயிலைக் கொழுந்து லொறி குடை சாய்ந்தால் அதன் சக்கரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தானே தள்ளிக் கவிழ்த்தவரைப் போல நிற்பார். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி பரீட்சையில் சித்தியடைந்தால் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் பிள்ளை, பிள்ளைக்குப் பின்னால் இவர்.

எங்கள் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் படத்துக்குக் கீழே ஒரு வாசகம் போடுவார்கள். தலைவர் இன்னார், செயலாளர் இன்னார் என்று வரிசையாகச் சொல்லி, "ஆகியோரைப் படத்தில் காணலாம்" என்று முடிப்பார்கள். பெயர் சொல்லப்பட்டவர்களைச் சில நேரம் படத்தில் காணமுடியாது. பெயர் சொல்லப்படாத இவரை எப்போதும் காணலாம். ஆகவே அவருக்கு 'படத்தில் காணலாம்' என்றே பெயர் விழுந்தது. அது நீளமாகப் பட்டதால் நாளடைவில் 'காணலாம் அண்ணன்' ஆனார். அவர் குடியிருந்த கொட்டகலையின் கடைவீதியில் அவருடைய மனைவியை 'காணலாம் அண்ணி' என்று கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

மெலிந்த உடம்பு. அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத பெரிய மீசை. மழையில் நனைந்தால் இரண்டு பக்கமும் தொங்கிவிடும் என்பதற்காகவே குடை பிடிப்பார். தலை நனைந்தால் கவலைப்படமாட்டார்.

அவர் நிருபர். மலைநாட்டுச் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்புகிற பிரதேச நிருபர். நானும் அதே தொழில்தான், ஆனால் வேறொரு பத்திரிகைக்கு. அந்த இரண்டு பத்திரிகைகளும் கொழும்பில் ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காதவை.

அண்ணனிடம் சொந்தக் கமரா ஒன்று இருந்தது. அதன் பொத்தானை அவர் அழுத்தி நான் பார்த்ததில்லை. இடம் பார்த்து, வெளிச்சம் பார்த்து, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவர் கையில் அதைக் கொடுப்பார். பிறகு ஓடிப்போய் நின்றுகொள்வார். பஸ் கண்டக்டர், கோயில் ஐயர், பொலிஸ்காரர் என்று அந்தக் கமராவைப் பிடிக்காத கையே எங்கள் பக்கத்தில் இல்லை. ஒரு முறை ஒரு தோட்டத்தில் குடிநீர்க் குழாயைத் திறந்துவைக்க அரசியல் பிரமுகர் ஒருவர் வந்தார். நெரிசலில் வேறு யாரும் அகப்படவில்லை. "ஐயா, இத ஒரு நிமிசம் புடிங்க. இந்தா, இந்தக் கறுப்புப் பொத்தான். மூச்சப் புடிச்சிக்கிட்டு ஒரே அழுத்து" என்று பிரமுகரின் கையிலேயே கொடுத்துவிட்டார். அவரும் பாவம், சொன்னபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். மறுநாள் பத்திரிகையில் குழாய் இருந்தது, தண்ணீர் இருந்தது, காணலாம் அண்ணன் இருந்தார். திறந்துவைத்தவரை மட்டும் காணவில்லை.

நோர்வூட் பக்கத்துத் தேயிலை மலையில் ஒரு சிறுத்தை கம்பிக் கண்ணியில் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. வனவிலங்கு அதிகாரிகள் மயக்க ஊசி போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் கமராவை என்னிடம் நீட்டிவிட்டுச் சிறுத்தையின் தலைமாட்டில் போய்க் குந்தினார்.

"அண்ணே, அது காத ஆட்டுது."

"ஆட்டட்டும் தம்பி. உயிரோட இருக்குன்னு வாசகருக்குத் தெரியணும்ல."

"அண்ணே, கண்ணத் தொறக்குது."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்."

நான் பொத்தானை அழுத்தியபோது சிறுத்தை தெளிவாக விழுந்தது. அண்ணன் இருந்த இடத்தில் ஒரு செருப்பு இருந்தது. தான் இல்லாமல் அவர் தன் பத்திரிகைக்கு அனுப்பிய ஒரே படம் அதுதான்.

எங்களோடு மூன்றாவதாக ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். பின்னேரங்களில் இன்னொரு பத்திரிகைக்கு நிருபர். நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். மாஸ்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் ஐசே எல்லாப் படத்திலையும் போய் நிக்கிறீர்? உமக்கென்ன விசரே?"

"மாஸ்டர், ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. மண்ண மட்டும் படம் புடிச்சுப் போட்டா அது எம்புட்டு ஒசரம்னு கொழும்புல இருக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்? பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தானே அளவு தெரியும்? அதுக்குத்தான் நிக்கிறேன்."

"அப்ப சோதினை பாஸ் பண்ணின பிள்ளைக்குப் பின்னாலை நிண்டது?"

"புள்ளையும் வளந்திருக்குல்ல மாஸ்டர்."



அண்ணனுடைய பத்திரிகைக்காரர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கத்தரிக்கோலோடுதான் காத்திருந்தார்கள். படம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அண்ணனை வெட்டி எறிவார்கள். அண்ணனும் லேசுப்பட்டவரில்லை. முக்கியமானவருடைய தோளில் கையைப் போட்டுக்கொள்வார். வெட்டினால் கை மட்டும் அந்தரத்தில் தொங்கும். மாலை போடும்போது மாலையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். வெட்டினால் பாதி மாலைதான் மிஞ்சும். இப்படியாகப் பாதிக்குப் பாதி தப்பிவிடுவார்.

இவ்வளவு படங்களில் நின்றும் மனிதருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. பிரதேச நிருபர்களுக்குப் பத்திரிகையில் பெயர் கிடையாது. 'ஹட்டன் நிருபர்' என்று போடுவார்கள். அது யாராகவும் இருக்கலாம். முன்பக்கத்தில், கட்டம் கட்டி, தன் சொந்தப் பெயரோடு ஒரே ஒரு செய்தி வரவேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். அந்தக் கட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதை, மேசையில் சிந்திய தேத்தண்ணியில் விரலை நனைத்து வரைந்து காட்டுவார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கடைதான் எங்கள் காரியாலயம். மற்றப் பத்திரிகையில் வந்த செய்தி நம்முடையதில் வராவிட்டால் மறுநாள் காலையிலேயே கொழும்பிலிருந்து வசவு வந்துவிடும். அதனால் நாங்கள் மூவரும் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். யாருக்கு என்ன செய்தி கிடைத்தாலும் பின்னேரம் அதைக் கடை மேசையில் போட்டுவிட வேண்டும். பிறகு ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவோம். மாஸ்டர் 'வெண்ணிற வாகனம்' என்று எழுதுவார். நான் 'வெள்ளை வான்' என்று எழுதுவேன். அண்ணன் 'கடும் மழை பெய்துகொண்டிருந்தது' என்று ஆரம்பிப்பார். வெயில் மண்டையைப் பிளந்த நாளிலும் அவர் செய்தியில் மழை பெய்யும்.

இதை ஒரு தொழில் தந்திரம் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோதுதான் வேறு விதமாகத் தெரிந்தது. நான் ஆஸ்பத்திரியில் சுருண்டு கிடந்த நாட்களில் என் பத்திரிகையில் என் செய்திகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் தங்கள் வேலையை முடித்துவிட்டு, என் பத்திரிகைக்கு நான் எழுதியதைப்போல எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் எங்கள் மலையகப் பக்கத்தின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, உம்முடைய நடை இப்ப நல்லாத் திருந்தியிருக்கு. அந்த மழை வர்ணனை எல்லாம் பிரமாதம். இப்பிடியே எழுதும்."

பிறகு கொஞ்ச காலம் நானும் மழையோடுதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அதே பக்க ஆசிரியர்தான் பின்னர் ஒருநாள் எனக்கு அந்த நல்ல செய்தியையும் சொன்னார். கொழும்புக் காரியாலயத்தில் உதவி ஆசிரியராக நிரந்தர வேலை. முதலாளி சம்மதித்துவிட்டார். மாதம் முடிய நியமனம். "அதுவரைக்கும் ஒரு பிழையும் விடாதேயும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் வேலை மட்டுமல்ல. எனக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். "நிருபருங்கிறது வேல இல்லீங்க, அது ஒரு பழக்கம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். நிரந்தர வேலை என்று ஊர்ஜிதமான பிறகுதான் நாள் குறிப்பதாகக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் எழுந்து நின்று கடையிலிருந்த எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னார், என் கணக்கில்.

அந்த மாதம் பார்த்துத்தான் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றின் பழைய பெரிய கங்காணி காலமானார். கோயில் தலைவராகவும் இருந்த நல்ல மனிதர். கொழும்பில் வேலை பார்த்த அவருடைய மகன், நான் தனியாக இருந்த நேரம் கடைக்கே வந்து, "அப்பாவப் பத்திப் படத்தோட போடுங்க" என்று கேட்டுக்கொண்டார். மூன்று பத்திரிகைகளில் என்னுடையதில்தான் மலையகத்துக்கென்று வாரத்தில் ஒரு பக்கம் இருந்தது, அதில்தான் இப்படிப் படம் போடுவார்கள். ஆனால் கங்காணி படத்துக்கு நிற்கிற ஆளே இல்லை. உருப்படியான படம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தேர்த் திருவிழாவில் காணலாம் அண்ணன் ஏற்பாடு செய்து எடுத்தது. அதில் கங்காணி இருந்தார். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு யார் நின்றார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கங்காணி சாதாரணச் சட்டையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அண்ணனோ சந்தனம் என்ன, பட்டுச் சால்வை என்ன, முறுக்கிய மீசை என்ன என்று ஜொலித்தார்.

"அண்ணே, இதுல யாரு கங்காணின்னு கொழும்புல எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க?"

"அத என்கிட்ட விடுங்க தம்பி. நான் அம்புக்குறி போட்டுர்றேன்."

படத்தின் முன்பக்கத்தில் கிறுக்கக்கூடாது என்பது எங்கள் தொழில் ஒழுக்கம். எழுதுவதையெல்லாம் பின்பக்கத்தில்தான் எழுதவேண்டும். அண்ணன் படத்தை உற்றுப் பார்த்தார். கங்காணி வலது பக்கம் நிற்கிறார் என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். படத்தைக் குப்புறத் திருப்பி, 'காலமானவர் இவரே' என்று எழுதி, வலது பக்கமாகக் கொழுத்த அம்புக்குறி ஒன்றைப் போட்டார்.

நீங்களும் வீட்டில் ஒரு படத்தை எடுத்து இப்படிச் செய்து பாருங்கள். படத்தைக் குப்புறத் திருப்பியதும் வலது இடதாகிவிடும். அம்பு கங்காணியை விட்டுவிட்டு நேரே அண்ணனைக் குத்தும். அன்றைக்கு இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நான் செய்தியின் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தேன். கணிதம் படிப்பிக்கிற மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். வெளியே கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்தது. எங்கள் படங்கள் அந்த பஸ் ட்ரைவர் கையில்தான் கொழும்புக்குப் போகும். அண்ணன் உறையை ஒட்டியபடியே ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

படம் பத்திரிகையில் வந்தது. கறுப்புக் கரைக்குள் சந்தனமும் சால்வையும் மீசையுமாகக் காணலாம் அண்ணன். கீழே 'காலமானார்'.

எங்கள் பக்கத்தில் அரசியல்வாதிகளைவிட அதிகம் பேருக்குத் தெரிந்த முகம் அது. கீழே கங்காணியின் பெயர் இருந்ததை யார் வாசித்தார்கள்? அண்ணனின் உண்மையான பெயர்தான் யாருக்கும் தெரியாதே! விடிந்து கொஞ்ச நேரத்தில் கொட்டகலை த்ரீவீல் சங்கத்தார் வீதியின் இரண்டு பக்கமும் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள். அண்ணன் தன் பத்திரிகையைத் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடமாட்டார். ஆகவே ஒன்றும் தெரியாமல் சந்தைக்குப் புறப்பட்டவர், கொடிகளைக் கண்டதும் தொழில் புத்தியில் பேனாவை எடுத்திருக்கிறார்.

"யாரு தம்பி தவறிட்டது?"

கொடி கட்டிக்கொண்டிருந்த ட்ரைவரின் கையிலிருந்து கயிறு விழுந்தது.

"பேரு சொல்லுங்கப்பா. வயசு என்னா? எத்தன மணிக்கு அடக்கம்?"

"நீங்கதாண்ணே."

"நான் கேக்குறது செத்தவரப் பத்தி."

"நானும் அதத்தாண்ணே சொல்றேன்."

அங்கே வீட்டில் அண்ணி படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். மாலையோடு வந்தவர்களிடம், "அவரு சந்தைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு" என்று சொல்லச் சொல்ல, வந்தவர்கள் இன்னும் பலமாக அழுதார்கள். அதிர்ச்சியில் பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அண்ணன் மரக்கறிப் பையில் கோவாவும் கரட்டுமாகத் திரும்பி வந்ததும் பாதிப் பேர் வாசலைவிட்டு ஓடினார்கள். மிச்சப் பேர் அவரைத் தொட்டுப் பார்த்தார்கள். அனுதாப உரை எழுதிக்கொண்டு வந்த தொழிற்சங்கக்காரர் ஒருவர் மட்டும், இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், பேசிவிட்டுத்தான் போவேன் என்று நின்றார். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். "ரோட்டு உடைஞ்சு கெடந்தப்ப நான் எழுதினத விட்டுட்டீங்களே" என்று இடையில் ஒரு திருத்தமும் சொன்னார்.

நானும் மாஸ்டரும் ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தோம். புறப்படுமுன் பக்க ஆசிரியரோடு பேசியிருந்தேன். படம் மாறிவிட்டதை அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வாற கிழமை சரியான படத்தைப் போட்டுத் திருத்தமும் போடலாம். அது பெரிய காரியமில்லை. ஆனா செத்ததாப் போட்டிருக்கிறது மற்றப் பேப்பர்க்காரற்ரை நிருபரை. அவங்கள் இதைத் தூக்கி முன்பக்கத்திலை போட்டுச் சிரிச்சாங்கள் எண்டால், முதலாளி உம்முடைய வேலையை மறந்திடுவார். என்னுடையதையும் சேர்த்து" என்றார். அவர் சொன்னதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தார். "படம் நல்லா வந்திருக்கு தம்பி" என்று பாராட்டக்கூடச் செய்தார். நான் சொல்லி முடித்ததும் பத்திரிகையை மடித்தார்.

"அம்புக்குறி நான் போட்டது" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கடைவீதியிலிருந்த கொமியூனிகேஷன் கடைக்காரர் ஓடிவந்தார். எங்கள் எல்லாருக்கும் தொலைபேசி அந்தக் கடைதான். "காணலாம் அண்ணே, கொழும்புல இருந்து கோல்! ஒங்க ஆசிரியருங்க!"

மூவரும் போனோம். அண்ணனின் ஆசிரியருக்குத் தொலைபேசியில் மெல்லப் பேசத் தெரியாது. கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நின்ற எங்களுக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஓய், நீர் உயிரோடை இருக்கிறீரோ?"

"இருக்கேங்க ஐயா."

"நல்லது. நாளைக்கு முன்பக்கத்திலை கட்டம் கட்டிப் போடுறம். 'எங்கள் நிருபரைக் கொன்ற பத்திரிகை' எண்டு தலைப்பு. நீரே எழுதும். உம்முடைய பேர் போட்டு வரும். அந்தப் பேப்பரைக் கையிலை பிடிச்சபடி ஒரு படமும் எடுத்து அனுப்பும். இந்த முறை நீர் படத்திலை நிக்கத்தான் வேணும், விளங்குதோ?"

நான் தரையைப் பார்த்தேன். முன்பக்கம், கட்டம், பெயர், படம். அவர் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டது எல்லாம் ஒரே கோலில் வந்துவிட்டது. அவர் எழுதியிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருக்கமாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. எனக்கு அது கிடைத்திருந்தால் நானும் எழுதித்தான் இருப்பேன்.

அண்ணன் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஐயா, அந்தப் படத்துல இருக்கிறது நான் இல்லீங்க."



"என்ன சொன்னனீர்?"

"அது வேற ஆளுங்க ஐயா. இந்தப் பக்கம் மீச வச்சவங்க நெறையப் பேரு இருக்காங்க."

"ஓய்! கிழமை தவறாமல் உம்முடைய மூஞ்சையைத்தான் நான் இஞ்சை வெட்டி எறியிறன். எனக்கு உம்மைத் தெரியாதோ?"

"வெட்டி எறிஞ்சீங்கல்ல, அதனாலதான் சரியாப் பாக்கல."

ஆசிரியர் விடவில்லை. நாளை விடியற்காலை பத்திரிகைக் கட்டோடு வருகிற வான் ட்ரைவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, ஆளை நேரில் பார்த்துவரச் சொல்கிறேன், பொய் என்றால் இனி நிருபர் வேலையும் இல்லை என்று கத்திவிட்டு வைத்தார்.

"என்ன ஐசே செய்துபோட்டீர்? உம்முடைய கட்டமெல்லே போகுது!" என்றார் மாஸ்டர்.

"கட்டம் எங்க மாஸ்டர் போயிரும்? அடுத்த மாசம் வேற எவனாச்சும் என்னையக் கொல்லாமலா இருப்பான்?"

"அண்ணே, வேணாம். எழுதுங்க. நடக்கிறத நான் பாத்துக்கிறேன்" என்றேன் நான்.

"நீங்க என்னாத்தப் பாப்பீங்க? செய்தி நாளைக்கும் வரும் தம்பி. இந்த வேல ஒங்களுக்கு நாளைக்கு வராது."

அவ்வளவுதான். அதற்கு மேல் பேசவிடாமல் விறுவிறுவென்று நடந்து சலூனுக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மீசையை எடுக்கச் சொன்னார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் நெருங்கிய சாவு என்றால்தான் ஆண்கள் மீசையை எடுப்பார்கள். வீதியெல்லாம் வெள்ளைக் கொடி கட்டியதற்குக் காரணம், பேப்பர் பார்க்காத சலூன்காரருக்கு இன்னும் தெரியாது.

"மீசய எடுக்கச் சொல்றீங்களே, யாருண்ணே தவறிட்டாங்க?"

"நான்தான். நீ எடு."

மீசை போனதும் அந்த முகத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. அதற்குள் இவ்வளவு சின்ன மனிதர் ஒருவர் இருந்தார் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக் கதவைத் தட்டியபோது அண்ணி எட்டிப் பார்த்து, "அவரு இல்லீங்க, பொறகு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

அன்று மத்தியானமே மூவரும் கங்காணி வீட்டுக்குப் போனோம். மகன் கொதித்துப்போயிருந்தார். "எங்கப்பா மொகத்தப் பேப்பர்ல பாக்கணும்னு தோட்டமே காத்துக் கெடந்துச்சுங்க. எவனோ மீசக்காரன் படத்தப் போட்டிருக்கீங்க." எதிரில் நின்ற மீசையில்லாத ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணன் மறைக்கவில்லை. "அந்த மீசக்காரன் நான்தாங்க. அம்புக்குறி போட்டவனும் நான்தான். இந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல" என்று கையைக் கூப்பினார். பிறகு அதே படத்தின் இன்னொரு பிரதியைப் பையிலிருந்து எடுத்து, அங்கேயே கத்தரிக்கோல் வாங்கி, தன்னைத் தானே வெட்டி எடுத்தார். அவர் செய்து பார்த்திராத வேலை அது. கங்காணியின் தோளில் கை மட்டும் மிஞ்சிவிட்டது.

மகன் படத்தை வாங்கிப் பார்த்தார். "இந்தக் கை யாருதுங்க?"

"சாமி கைன்னு வச்சுக்குங்க."

அழுதுகொண்டிருந்த மனிதர் சிரித்துவிட்டார். பிறகு எங்களை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை வான் வந்தது. ட்ரைவர் சிங்களவர், எங்கள் பக்கத்துக்குப் புதியவர். படத்தை அண்ணனின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, இங்கே ஒரு பார்வை அங்கே ஒரு பார்வை என்று மாறி மாறிப் பார்த்தார். "மெயா நெமெயி" என்று தலையை ஆட்டினார். இந்த ஆள் இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற மாஸ்டர் தனக்கும் ஒன்றும் தெரியாது என்பதைப்போல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய பத்திரிகைக்கும் இது நல்ல தீனியாகத்தான் இருந்திருக்கும். அவரும் எழுதவில்லை.

கட்டம் வரவில்லை. அடுத்த கிழமை எங்கள் பக்கத்தில் கங்காணியின் சரியான படம், தோளில் சாமி கையோடு வந்தது. கீழே ஒற்றை வரியில் திருத்தமும் வந்தது. மாதம் முடிய எனக்கு நியமனம் கிடைத்தது. ரயில்வேக்காரர் நாள் குறித்தார்.

கொழும்பில் நான் பல வருஷங்கள் இருந்தேன். நல்ல மனிதர்களோடுதான் வேலை செய்தேன். பதவி உயர்ந்தபோது கைகுலுக்கினார்கள், விருந்துகளில் தோளில் தட்டினார்கள். ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் எனக்காகத் தன் முகத்தையே தன்னுடையது இல்லை என்று சொல்ல ஒருவர் எனக்குக் கிடைத்தார். அப்படி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நான் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று அண்ணன் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தார். பஸ் நகரும்போது ஜன்னலோரமாக ஓடிவந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அங்க போய் என்னையத் தெரியும்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும். ஒங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சா ஒங்க வேல போயிரும்."

நான் சொல்லவில்லை. "அந்த ஹட்டன்காரரைத் தெரியுமா?" என்று காரியாலயத்தில் எவ்வளவோ பேர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். "பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இப்போது நாங்கள் இருவருமே பத்திரிகை வேலையில் இல்லை. இனிப் பறிபோவதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆகவே உங்களிடம் சொல்லலாம். தெரியும். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர் என் சிநேகிதர்.